கை மட்டும்

வண்ணாரப்பேட்டைக் கடைப் பையன்
வட்ட விளக்கைப் போட்டுக் காட்டுதான்:
"முகம் பளிச்சுனு விழும்க்கா."
என் முகத்துக்கு என்ன இப்போ?
நான் காட்டப்போறது
கட்டோரி பிளவுசுக்குக் கழுத்து வெட்டுற கையை.

சீட்டெடுத்த பணம், மூவாயிரத்து இருநூறு.
கேமரா அலமாரிப் பக்கம்
திரும்பவேயில்லை.

சேலையில் குத்துற மைக் மட்டும் வாங்கினேன்,
எண்ணூற்று ஐம்பது.
எங்க பணகுடியில் ஆடிக்காற்று
பேச்சை வாயிலிருந்தே பிடுங்கி
காற்றாலைக்குக் கொடுத்துவிடும்.
மைக்குக்கு வெல்வெட் துண்டில்
ஒரு குல்லா தைத்தேன்;
பையன் அதற்குத் தனி விலை சொல்லியிருந்தான்.

ஸ்டாண்டு?
பழைய இரும்புக் கடையில்
ஆஸ்பத்திரி குளுக்கோஸ் கம்பி,
எடைக்கு நூற்று முப்பது.
போன் அதில் குப்புறத் தொங்குது
வெட்டுமேசையைப் பார்த்து.

முதல் நாள் நேரலை. நாலு பேர்.
ஒன்று என் தங்கச்சி செல்வஜோதி,
அடுத்த அறையில்.
ஒருத்தி கைக்குழி அளவு கேட்டாள்.
இரண்டு தடவை சொன்னேன்.
சாக்பீஸ் தீர்ந்து
சோப்புத் துண்டால் கோடு போட்டேன்.

யாரோ ஒருத்தன்:
"முகத்தைக் காட்டுங்க மேடம்."

கத்தரியைக் கொஞ்சம்
போன் பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன்.

நாலு, மூன்றானது.
மூன்று பேருக்கும்
கழுத்து வெட்டிக் காட்டினேன்.