போகமாட்டான்

சொஹாரில் மே மாதம்
புல்தரைக்குத் தண்ணீர் லாரி வருவது
மாலை ஏழுக்கு.
ஏழேகாலுக்குள் பாதி ஈரம் ஆவியாகிவிடும்.
மீதி ஈரத்தில்தான்
எங்கள் லீக், எங்கள் சம்பளம், எங்கள் விசா.

பதினெட்டுப் பேர் பட்டியலைப்
பதினாறாக்கித் தரச் சொன்னார் லோபோ.
காரின் கண்ணாடியை இறக்கவில்லை,
போனில்தான் சொன்னார்.
நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
வியர்த்துக்கொண்டு நின்றேன்.
"முப்பதைத் தாண்டினவன் எல்லாம் சிவப்பு."

எக்செல் தாளில் ஒரு கட்டத்தின் நிறம் மாற
இரண்டு சொடுக்கு.
முதல் சிவப்பு நிஜாமுத்தீன், லெஃப்ட் அவுட்.
அவன் எதிர்பார்த்திருந்தான்,
அஜ்மானில் மச்சானுக்குக் கடை இருக்கிறது.
இரண்டாவது பால்வண்ணன்.

விசாவில் ஸ்டோர் கீப்பர்,
மைதானத்தில் கோல் கீப்பர்.
ஒன்பது வருடத்தில்
இரண்டையும் ஒருநாளும் திறந்து போட்டவனில்லை.
கோல் காப்பவனுக்கு வயது கணக்கில்லை சார்
என்று சொல்ல நாக்கு வரை வந்தது.
மகளின் பள்ளிக் கட்டணமும்
கூடவே வந்தது.

போன வருடம் அரையிறுதி.
பெனால்டி கார்னர்,
அடித்த பந்து நேரே முகத்துக்கு.
ஹெல்மெட் கம்பி வளைந்து
நெற்றியில் பதிந்தது.
துடைத்துக்கொண்டு கேட்டான்,
"எத்தனை நிமிஷம்ணே இருக்கு?"
நாலு என்றேன்.
ஏழு இருந்தது.

இதையும் எழுதிவிடுகிறேன்.
தோஹாவிலிருந்து ஒருவர் அவனைக் கேட்டு வந்தார்,
ஒன்றரை மடங்கு சம்பளம், தனி அறை.
லோபோ என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று:
"போயிடுவானா?"
"போகமாட்டான் சார்."
"அப்ப ஏத்த வேண்டாம்."
மறுவருடம் துபாய்க்காரர்கள்.
அதே கேள்வி. அதே பதில்.
அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னதாகவே
இரண்டு தடவையும் நினைத்தேன்.
மாதம் நாற்பது ரியால் வீதம்
இருபத்துநாலு மாதம்:
தொள்ளாயிரத்து அறுபது.
நல்ல வார்த்தை.

ஃபலஜ் அல் கபாயிலில் அவன் அறை.
பால்கனிச் சுவரில் சாய்ந்து
கால் பேடுகள் இரண்டும் காய்ந்துகொண்டிருந்தன,
குடித்துவிட்டு உட்கார்ந்த ஆட்கள்போல.
வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டான்.
கத்தி நிற்கவில்லை.
"யாரு புதுசா?"
"ஜுனைத். சியால்கோட். இருபத்திரண்டு."
"கிராஜுவிட்டி பேசிக் மேலதானே?"
"ஆமா."
"ஹெல்மெட் கம்பெனியோடது.
வளைஞ்ச கம்பிக்குப் பிடிப்பாங்களா?"

தெரியாது என்றேன்.
(பிடித்தார்கள். ஆறு ரியால்.)

படி இறங்கும்போது மேலிருந்து சொன்னான்,
"தோஹாக்காரருக்கு நானே போன் போட்டேன்ணே,
போன வாரம்.
ஆள் எடுத்துட்டாங்களாம்."

கோபம் வந்தது எனக்கு.
யார் மேல் என்று
வண்டி எடுத்த பிறகும் தெரியவில்லை.
அவன் போகமாட்டான் என்று
நான் சொல்லிக்கொண்டு திரிந்தேனே,
அவனிடம் ஒருதடவை கேட்டதுண்டா?

புது சீசன், முதல் ஆட்டம்.
ஜுனைத் நின்றான் பாருங்கள்,
பூனை மாதிரி.
மூன்று கார்னர், ஒன்றும் உள்ளே போகவில்லை.
கடைசியை இடது காலால் தட்டி விட்டபோது
என்னை அறியாமல் எழுந்து கத்தினேன்.
தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு
உண்மையான சந்தோஷம். அதுவும் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் கார் வந்து நின்றது.
இந்தத் தடவை கண்ணாடி இறங்கியது,
ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது.
"பையன் போயிடுவானா?"

யோசித்து வைத்திருந்தேன் இதற்கு.
"போயிடுவான் சார். இப்பவே ஏத்திக் குடுங்க."

லோபோ சிரித்தார்.
"போயிடுவான்னா
இன்னொருத்தனைப் பார்த்து வை."