சோளகத்துக்கு முதுகு

தொள்ளாயிரத்து அறுபது கிராம் என்று
பையின் வாலில் அச்சிட்டிருந்தது.
நம்பாமல்
நெல்லியடிச் சந்தையில் மீன்காரரின் தராசில் வைத்தோம்.
ஆயிரத்து நூற்றைம்பது.
"ஆணியையும் கயித்தையும் ஆர் நிறுக்கிறது?" என்றார்
சூடைச் செதில் ஒட்டிய விரலால் பையைத் தட்டி.
அதற்குப் பிறகு பார்த்த கூடாரம் எல்லாவற்றையும்
அவருடைய கேள்வியில்தான் நிறுத்தோம்.

பருத்தித்துறை முனையிலிருந்து சுண்டிக்குளம் மட்டும்
கரையால் ஐந்து நாள் நடை.
ஆடியில்தான் லீவு.
றொமிலாவுக்கு வங்கி, எனக்கு ஆசுப்பத்திரி ஆய்வுகூடம்.
ஆடியில் சோளகம் படுக்காது.
வாடை வந்தால் மழையைத் தந்துவிட்டுப் போகும்;
சோளகம் கடன் கேட்க வந்தவன்போல
படலையிலேயே நிற்கும்,
இரவிலும்.

தானாக நிற்கும் கூடாரம் ஒன்று
ஒஸ்லோவிலிருந்து அவள் தமையன் அனுப்பினது.
நல்ல சாமான். இரண்டரைக் கிலோ.
ஐந்தாம் நாள் தோள்மூட்டு சொல்லப்போவதை
முதல் நாளே கேட்டுத் திருப்பிக் கட்டினோம்.

ஊன்றி நடக்கிற கோலையே தூணாக்கும் வகை பிறகு.
இரட்டைக்கோல்:
உள்ளே எழுந்திருந்து தலைவாரலாம்,
தேத்தண்ணி வைக்கலாம்.
ஆனால் அதன் பக்கச் சுவர்
பாய்மரம்.
மணற்காட்டு மேட்டில் விரித்துப் பார்த்தோம்.
காற்று தரையிலிருந்து கடலுக்கு ஓடியது.
"பிடுங்கினா பர்மாவிலதான் போய் எடுக்கவேணும்"
என்று றொமிலா அதன்மேல் குப்புற விழுந்து கிடந்தாள்,
சிரிப்பில் வாயெல்லாம் மணல்.

ஒற்றைக்கோல்:
நடுவில் ஒரு கால், நாலு பக்கமும் சரிவு.
காற்றுக்குப் பிடிக்க இடமில்லை,
தடவிக்கொண்டு மேலால் போகிறது.
குறை, எங்கள் இருவருக்கும் நடுவில்
இரவு முழுக்க ஒரு தடி.

நிறம் பார்த்தோம்.
பச்சை மலிவு.
பச்சைத் துணியை இந்தக் கரையில் விரிக்க
எங்களுக்கென்ன விசரோ?
வெள்ளை இன்னும் மலிவு, இன்னும் பாரக்குறைவு.
வேண்டாம் என்றாள்.
செட்டிகுளத்தில் பதினொரு மாதம்
வெள்ளைத் துணிக்குள் இருந்தவள்.
எத்தனை கிராம், எந்தப் பக்கம் வாசல் என்று
அப்போது அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.
மஞ்சள் எடுத்தோம். எண்ணாயிரம் கூட.

மணலில் ஆணி நிற்காது.
சவுக்கங்கிளையை முழ நீளத்தில் முறித்து
கயிற்றைக் குறுக்கே கட்டி
முழங்கையளவு தோண்டிப் புதைத்து
ஏறி மிதித்தோம்.
வாசல் கடலுக்கு, முதுகு சோளகத்துக்கு.
கோலை ஒரு கணு இறக்கினோம்;
கூரை மூக்கில் முட்டியது, ஓரம் மணலைத் தொட்டது.

மூன்று மணிக்கு டோர்ச் வெளிச்சம்.
கடற்படைப் பெடியன் இருவர்.
அடையாள அட்டை. எங்கிருந்து. எங்கே. ஏன்.
"ஏன்" என்பதற்கு எங்களிடமும்
சரியான பதில் இருக்கவில்லை.
மூத்தவன் கயிற்றை விரலால் சுண்டினான்,
தந்திபோல் அதிர்ந்தது.
கூரையைக் கையால் அமர்த்தினான், தாழவில்லை.
"எங்கட தகரம் ராத்திரி முழுக்கச் சத்தம்" என்றான்
அரைத் தமிழில்.
"இது எத்தனை கிலோ?"
றொமிலா எனக்கு முன்னே சொன்னாள்:
"ஆணி, கயிறு எல்லாத்தோடயும்
ஒண்டே கால்."

அவர்கள் போனபின் அவள் தூங்கிவிட்டாள்,
கோலுக்கு அந்தப் பக்கம், வாய் திறந்து.
நான் கிடந்து கேட்டேன்.
ஒவ்வொரு வீச்சிலும் துணி ஒருமுறை உள்ளே வயிறு எக்கி
பிறகு விட்டது.
விடியத் தென்மேற்கு மூலைக்கிளை
பாதி வெளியே வந்திருந்தது.
இன்னொரு கயிறு வேண்டும்.
அதையும் நிறுக்க வேண்டும்.