சித்தப்பா என்ற சொல்

புர்க்டோர்ஃப், பள்ளிக்கூட அலுவலகம்.
செவ்வாய், நாலே கால்.
மேசையில் மூன்று கிளாஸ் தண்ணீர்.
நாங்கள் நாலு பேர்.
மொழிபெயர்க்கிறவளுக்குத் தாகம் எடுக்கும் என்று
யாரும் நினைப்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தந்தார்கள்:
கூட்டாதே, குறைக்காதே, விளக்காதே.
அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்.
ஆகவே இந்த ஒரு மணித்தியாலம்
நான்தான் பாலேந்திரா.
என் தம்பி கொக்குவிலில் செத்துப்போனான்.
முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி.
மகளுக்கு எட்டு நாள் லீவு வேண்டும்.

பிறகு நானே அதிபர், திருமதி ஏபிஷர்.
கேட்காமல் எடுக்கக்கூடிய அரைநாட்கள் ஐந்தும்
தேருக்கும் ஒரு சாமத்தியச் சடங்குக்கும்
முடிந்துவிட்டன.
இழவுக்கு விடுப்பு உண்டு,
நெருங்கிய உறவினர் என்றால்.
பட்டியல் இருக்கிறது, வாசிக்கிறேன்:
தாய், தகப்பன். கூடப் பிறந்தவர்கள்.
தாய் தகப்பனைப் பெற்றவர்கள்.
அதோடு முற்றுப்புள்ளி.

'சித்தப்பா' என்றார் பாலேந்திரா.
'ஒங்கிள்' என்றேன்.
சொல் பட்டியலுக்கு வெளியே போய் விழுந்தது.
தள்ளிவிட்டது நான்தான்.

சித்தப்பாவுக்குள் ஓர் அப்பா இருக்கிறார்,
ஒளித்து அல்ல, எழுத்துப் பிசகாமல்.
அவரை அந்தப் பட்டியலில்
எங்கள் மொழி எப்போதோ சேர்த்துவிட்டது,
அளவை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கி.
இதைச் சொன்னால் விளக்கம்.
சொல்லாவிட்டால் குறைப்பு.

'பிள்ளை அவரை எத்தனை தடவை
நேரில் பார்த்திருக்கிறாள்?'
'ரெண்டு தரம்.'
அதிபர் எழுதினார்: 2.

மதுரிகா, பன்னிரண்டு வயது,
அதுவரை ஜாக்கெட் சிப்பை
ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவள்,
பேர்ண் ஜெர்மனில் சொன்னாள்:
ஒவ்வொரு ஞாயிறும் கோல் எடுப்பார்.
வாய்ப்பாடு கேட்பார்.
ஏழெட்டில் நான் இப்பவும் தடக்குவேன்.
அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அதைத் தகப்பனுக்குத் தமிழில் சொன்னேன்.
அவருக்கு அது புதுச் செய்தி.

அதிபர் பேனாவைக் கீழே வைத்தார்.
'அப்படியென்றால், ஒரு கோற்றி மாதிரியா?'
கோற்றி: ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்துகிறவர்,
பிறந்தநாளை மறக்கக்கூடாதவர்.
தமிழில் வேதக்காரர் சொல்வது ஞானத்தகப்பன்.
அங்கேயும் ஒரு தகப்பன்!
எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிச் சொன்னேன்.

பாலேந்திரா குழம்பிப்போய்,
'தங்கச்சி, நாங்கள் சைவம்' என்றார்.
கூட்டாதே, குறைக்காதே.
மரக்கறியா மதமா என்று ஒரு கணம் தடுமாறி
'இந்துக்கள்' என்று போட்டேன்.

கோற்றியும் பட்டியலில் இல்லை.
ஆனால் அந்தச் சொல்லுக்கு
அதிபரின் முகத்தில் ஒரு கதிரை இருந்தது.
யாரோ வந்து அதில் இருந்தார்.

'ஆணைக்குழுவிடம் கேட்கிறேன்.
முடிவு தபாலில் வரும்.
மறுத்தால் முப்பது நாளுக்குள் முறையீடு செய்யலாம்.'
அந்தியேட்டிக்கு இன்னும் பதினொரு நாள்.
இதையும் நான் 'நான்' என்றுதான் சொன்னேன்.

நடையில், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில்,
மதுரிகா:
'அன்ரி, முறையீட்டில நான் கையெழுத்து வைக்கலாமோ?
லீவு எனக்குத்தானே.'

படிவத்தில் ஒரே ஒரு கோடு.
அதன் கீழே: பெற்றார் அல்லது பாதுகாவலர்.
சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை.
'அவவிட்டயே கேள்' என்றேன்,
'உள்ளுக்குத்தான் இருக்கிறா.'

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினாள்.

என் ரயில் ஐந்து பன்னிரண்டுக்கு.
பணித்தாளில் 'கூட்டம் முடிந்த நேரம்' என்ற கட்டத்தை
நிரப்பாமல் நின்றேன்.