இந்தப் பக்கம் மேலே

தலைகீழாகத்தான் வந்தது.
அம்புக்குறி இரண்டும் தரையைப் பார்க்க
லிஃப்ட் வாசலில் சாய்த்து வைத்துவிட்டு
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான் டெலிவரிப் பையன்.
பேட்டரி இருப்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம்.
முப்பத்தெட்டு நாள் கப்பலில் கிடந்த பெட்டி.
ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது,
சூட்டோடு விரல் பட்ட இட்லிபோல.

அல் குசைஸ், நான்காம் மாடி, ஆறு கட்டில் அறை.
கட்டில்களுக்கு நடுவில் இருக்கிற இடம்
ஒரு ஆள் குப்புறப் படுக்கிற அகலம்.
அதில் பெட்டியைக் கிடத்தியதும்
ஜெயசிங் மேல்கட்டிலில் ஏறிக் காலைத் தொங்கப்போட்டார்.
பீம் பகதூர் சமையல்கட்டிலிருந்து கத்தியோடு வந்தான்.

"கிழிக்காதே" என்றார் இசக்கிமுத்து.

கத்தியைப் பிடுங்கி ஓரமாக வைத்தார்.
கரண்டிக் காம்பால்
ஒவ்வொரு ஸ்டேபிளாக நெம்பி எடுத்தார்.
டேப்பை நகத்தால் கிளப்பி
புண்ணில் ஒட்டிய துணியை உரிப்பதுபோல உரித்தார்.
எனக்குத் தொண்டை அடைத்தது.
ஏழு மாதம் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த காசு,
என் வண்டிமேல் இவருக்கு இத்தனை அக்கறையா.

தெர்மாகோல் பள்ளத்தில்
கழுத்து மடங்கிக் கிடந்தது.
கைப்பிடி தனியே;
கறுப்பு வயர் ஒன்றுதான் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது.
"வயரை இழுக்காமத் தூக்கு."
"ஒரு சுத்து முறுக்கியிருக்கு, முதல்ல அதைப் பிரி."
"நசுங்கிரும்டே, விரலை வச்சு உள்ளே தள்ளு."
கையேடு சீனத்திலும் அரபியிலும்.
பீம் படங்களை மட்டும் படித்தான்.
சாரம் கட்டுகிறவனுக்கு அது போதும்:
நாலு திருகாணியையும் பாதி பாதி,
பிறகு எதிரெதிராக முறுக்கு.

கடைசியில் ஒரு வாஷர் மிஞ்சியது.
இரண்டு முறை கழற்றிப் பார்த்தோம்.
எங்கே போகவேண்டியதென்று அதுவும் சொல்லவில்லை.
"உபரி" என்று மேலிருந்து தீர்ப்புச் சொல்லிவிட்டு
ஜெயசிங் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அறைக்குள் சார்ஜ் போடக் கூடாதென்று
கதவிலேயே தாள் ஒட்டியிருக்கிறது.
உள்ளே இருந்த முப்பத்தொரு சதவீதத்தோடு
கார் பார்க்கிங்கில் இறக்கினேன், இரவு இரண்டரை.
ஹெல்மெட்டுக்குள் வேர்வை.
தூங்கும் கார்களுக்கு இடையே ஏழு வட்டம்.
எட்டாவதில் பூனை குறுக்கே வந்தது,
பிரேக் பிடித்தது.

திரும்பி வந்தால்
இசக்கிமுத்து காலிப் பெட்டிக்குள் டேப் நீட்டி
அளந்துகொண்டிருக்கிறார்.
நீளம் நூற்றுப் பதினெட்டு. உயரம் ஐம்பத்திரண்டு.
கட்டிலுக்கடியில் கைவிட்டு
போர்வை சுற்றிய ஒன்றை இழுத்தார்.

ஜன்னல்.

அல் கூஸ் பட்டறையில் பதினோரு வருஷம்
இந்த ஊர் மாடிகளுக்கு அலுமினியம் அறுத்தவர்,
போர்மேனிடம் கேட்டு வாங்கிய துண்டுகளில்
தனக்கென்று செய்த ஒன்று. அடுப்படிக்கு.
இரண்டு கண்ணாடி. நகர்த்தினால் சத்தமே இல்லை.
விசா முடிய ஒன்பது நாள்.

அக்கறை எல்லாம் அட்டைக்குத்தான்.
சிரித்துவிட்டேன், அவரும்.

என் வண்டியின் கழுத்து கிடந்த பள்ளத்தில்
தாழ்ப்பாள் போய் உட்கார்ந்தது.
கண்ணாடிமேல் பெருக்கல் குறியாக டேப்.
என் துண்டு, பீமின் கிழிந்த கையுறைகள்,
தூங்குவதாக நினைத்த ஜெயசிங் மேலிருந்து போட்ட தலையணை உறை.
ஆடுகிறதா என்று குலுக்கிக் காது வைத்துக் கேட்டார்.
பிறகு மார்க்கரால் தமிழில் எழுதினார்:
கண்ணாடி. இந்தப் பக்கம் மேலே.
"தூத்துக்குடியில ஒருத்தனாவது படிப்பான்லா."

அவர் போய் ஒன்றரை மாதம் கழித்து
ஒரு படம் வந்தது.
பூசாத சுவரில் சாய்ந்து நிற்கும் ஜன்னல்,
கண்ணாடிக்குள் போனைப் பிடித்த லுங்கிக்காரர்.
கூடவே குரல்:
"ஒரு கீறல் இல்லடே. தலைகீழாத்தான் இறக்குனானுவ.
வண்டி எப்படி ஓடுது?"

இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு கிறீச்.
வாஷர் என் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

"நல்லா ஓடுதுண்ணே" என்று பேசி அனுப்பினேன்,
சிக்னலில் நின்றுகொண்டு.