குடும்பம் அதுதான்

எல்லைக்கல் நாற்பத்தொன்றைக் காணோம்.
சதுரங்கப்பாறைக்குக் கீழே, ஓடைச் சரிவில்
இருக்க வேண்டும் என்கிறது வரைபடம்.
இருந்தது செடி.
ஆள் உயரத்துக்கு மேல், தண்டு விறகாக முற்றி,
காற்று புரட்டும்போதெல்லாம் இலையின் அடிப்பக்கம்
சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்து
மறுபடி பச்சையாகும் செடி.

"வெட்டுய்யா" என்றார் காசிமாயன் சார்.
நான் அரிவாளை எடுக்கவில்லை.

போன கூட்டு அளவையில்
ஆனைச்சொறியன் ஒன்று என் வலது புறங்கையைத் தொட்டது.
தொட்டது, அவ்வளவுதான்.
மூன்று மாதம், தண்ணீர் படும்போதெல்லாம் கங்கு.
சத்தியம் செய்கிறவன் மாதிரி
ஒரு கையைத் தூக்கிக்கொண்டே குளித்தேன்.

கேரளப் பக்கத்து சர்வேயர் ஷிஜிமோள்
ஓர் இலையைக் கிள்ளிக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டாள்.
"ஒரே குடும்பந்தன்னே சேட்டா.
பக்ஷே இது சொறியில்லா."

குடும்பம் என்றதும்
எனக்கு உத்தமபாளையம் கோர்ட்டு.
ஏழு வருஷமாக, மூன்று சென்ட்டுக்கு,
நானும் என் அண்ணனும்.
ஊரான் நிலத்துக்கெல்லாம் சங்கிலி பிடிக்கிறவன்
தன் வீட்டுச் சுவரை அளந்த கதை.
வாய்தா அன்று படிக்கட்டில் எதிரெதிரே வருவோம்.
தண்ணீர் பட்டது போல் இருக்கும்.

ஏலத்தோட்டத்திலிருந்து கூலிக்கு வந்த ஒச்சம்மா
அதற்குள் கிளையை வளைத்து
ஆரஞ்சுப் பழங்களை உருவித் தின்றுகொண்டிருந்தாள்.
கம்பில் ஒட்டிய பூச்சிமுட்டை மாதிரிக் கொத்துக் கொத்தாய்.
"கவர்மெண்ட்டு திங்காதா?"
எங்கள் உள்ளங்கைகளில் கொட்டினாள்.
கொட்டியது அது ஒன்றுதான்.
நிறைய விதை, கொஞ்சம் தண்ணீர்,
தேடினால் இனிப்பு.

கல் கிடைத்தது.
வேர் அதை இடுப்பில் வைத்து
ஒரு சாண் நகர்ந்திருந்தது.
எந்த மாநிலம் எதற்கு ஒரு சாண் கடன் என்று
இரண்டு சர்வேயரும் அரைமணி நேரம்
சிரிக்காமல் பேசினார்கள்.
நடுவில் கொடிக்கம்பின் கயிறு அறுந்தது.
ஒச்சம்மா அதே செடியில் பட்டை உரித்து
தொடையில் வைத்துத் திரித்து முடிச்சுப் போட்டாள்.
நின்றது.

வெட்டவில்லை.
"கல் உள்ளது. புதர் சூழ்ந்துள்ளது."
இரண்டு மொழியிலும் கையெழுத்து.
என்ன புதர் என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.

போடிமெட்டு இறங்கி வீடு சேரும்போது இருட்டிவிட்டது.
குழாயடியில் கையை நீட்டினேன்.
எரியவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமினான்.
இன்னொரு சொம்பு
ஊற்றிப் பார்த்தேன்.