எண்பத்தொரு நிமிடம்

ஆறு சீசனும் முடிந்த ராத்திரி
ஜெலுத்தோங் ஃபிளாட், பதினோராம் மாடி,
எழவு வீடு மாதிரி இருந்தது.
கொலைகாரன் யாரென்று தெரிந்தாயிற்று.
இனி அந்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு
என்னிடம் பேச ஒன்றுமில்லை.
தாப்பாவ் வாங்கிவந்த மீ கோரெங்
பொட்டலத்திலேயே ஆறிக் கிடந்தது.

பாயான் லெப்பாஸ் பஸ்ஸில் யோகவதி சொன்னாள்:
“சின்னப் படமா பாரு.
யாரையும் தெரியாது. அவசரமும் கிடையாது.”

முதல் பத்து நிமிடம்
ஒருத்தி லிஃப்டுக்குக் காத்து நிற்கிறாள்.
லிஃப்ட் வரவில்லை.
போனை எடுத்தேன், வைத்தேன்.
படியேறத் தொடங்கினாள்.
ஆறாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது
கேமராவும் நின்றது,
என் முழங்காலும்.

அப்புறம் வெறும் துணிகள். கம்பிக்குக் கம்பி.
நீலத் துண்டு ஒன்று
ஒற்றைக் கிளிப்பில், ஒரு பக்கம் சரிந்து.
நிறுத்தினேன். பின்னுக்கு ஓட்டினேன்.
எங்கள் பிளாக்கா இது?

மூன்று வருஷம் முன்னே
மழையில் குடை பிடித்து நாலு பிள்ளைகள்
கீழே ஏதோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
கார் வைக்க இடமில்லையென்று
மேலிருந்து கத்தியது நான்தான்.

சத்தத்தைக் கூட்டினேன்.
மழை. மோட்டார் சைக்கிள். மழைக்குள்ளே ஏதோ.
திரைக்குக் கீழே மலாயில் ஒரே வரி:
தூரத்தில் ஒரு பெண் குரல்.

பெயர்கள் ஓடின. கடைசிவரை படித்தேன்,
டிரைவர், சாப்பாடு, நன்றி உட்பட.
அடுத்த பகுதி ஐந்து நொடியில் என்று
எதுவும் வரவில்லை.

மணி இரண்டு.
துண்டுக்கு இன்னொரு கிளிப் தேடினேன்.
கிடைக்கவில்லை.