கொக்கியில் தொங்கும் வார்

நாயே இன்னும் வரவில்லை, அதற்குள்
வார் வாங்கி வந்துவிட்டார் குன்வால்டிஸ்.
சிவப்பு. தடித்த தோல். பித்தளைக் கொளுவி.
என் குடைக்கும் அவர் தொப்பிக்கும் நடுவில்
கோட்டுக் கொக்கியில் தொங்குகிறது,
விருந்தாளிக்கு முன்னே வந்துவிட்ட பெட்டி மாதிரி.

நான் பூனை என்றேன்.
ஏன் என்று கேட்டார்.
மூன்றாம் மாடி என்றேன். லிஃப்ட் கிடையாது.
உங்கள் வலது முழங்காலில் இருப்பது
எலும்பா இரும்பா என்று மருத்துவருக்கே மறந்துபோயிற்று.
லியெபாயாவின் காற்று
குப்பைத்தொட்டி மூடியை டிராம் தண்டவாளம் வரை உருட்டிப்போகும்.
அதில் காலை ஆறு மணிக்கு,
ஒரு பிராணி காலைத் தூக்கும்வரை
கம்பத்தடியில் நிற்கப்போகிறீர்களா?

நிற்பேன் என்றார்.

மின்கட்டண ரசீதின் பின்புறம் நடுவே கோடு கிழித்தோம்.
நாய்ப் பக்கம் அவர் எழுதியது: நன்றி. காவல். நடை.
"காவலா? நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது,
உங்கள் பழைய பாரோமீட்டரா?"
பூனைப் பக்கம் நான் எழுதியது: சுத்தம். சிக்கனம்.
மூன்றாவதாக ஒன்று எழுதவந்து
பேனாவை மூடிவிட்டேன்.

பூனை கண்ணை மூடினால்
பூலோகமே இருண்டதென்று நினைக்குமாம்.
இங்கே நவம்பரில்
அது கண்ணைத் திறந்தே வைத்திருந்தாலும்
நாலு மணிக்கு இருண்டுவிடுகிறது.
அந்த இருட்டில், விளக்குப் போடாமல், சொன்னார்:
"வீட்டுக்குள் நுழையும்போது
யாராவது ஓடி வரவேண்டும், விஸ்மா.
அவ்வளவுதான்."

முப்பத்தொரு வருஷம் கப்பலில் எஞ்சினோடு இருந்தவர்.
முப்பத்தொரு வருஷம் ஓடிப்போனவள் நான்.
படியில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும்.
எதிர்வீட்டு க்ரூமின்ஷின் இருமலுக்குக்கூட ஓடியிருக்கிறேன்,
கையில் மாவோடு, ஒற்றைச் செருப்போடு.
ஒருநாள் தந்திக்காரன். பல நாள் வெறும் காற்று.
இதை அவரிடம் சொன்னதில்லை.
எழுதாமல் விட்டதும் இதுதான்:
அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு கிடக்க
இந்த வீட்டில் இன்னோர் உயிர் வேண்டாம்.

சனிக்கிழமை காப்பகம் போனோம்.
பூனை அறையில் வரிப்பூனை ஒன்று
என் ஸ்வெட்டரில் நகத்தை மாட்டிக்கொண்டு
விடமாட்டேன் என்று அழுதது.
பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.
நாய்க்கூண்டு வரிசையின் கடைசியில்
பதினோரு வயதுக் கறுப்பன்
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.
குன்வால்டிஸ் விசிலடித்தார்.
வால் ஒரேயொரு முறை தரையைத் தட்டியது,
வந்தீர்களா, சரி, என்பதுபோல்.

"யாருக்கும் எழுந்து வரமாட்டான்" என்றாள் காப்பகத்துப் பெண்.
அவர் முகம் வாடிப்போயிற்று.
எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
உங்களுக்குப் பின் இதை யார் பார்த்துக்கொள்வார்?
இருவரும் ஒரே நேரத்தில்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தோம்.
வியாழனுக்குள் தருகிறோம் என்று
மடித்துப் பையில் வைத்தேன்.

அன்று மாலை சொல்லாமல் கிளம்பிவிட்டார்.
கொக்கியில் வாரைக் காணோம்.
சன்னலில் பார்த்தால்
காலி வாரைக் கையில் சுற்றிக்கொண்டு
கடல் பக்கம் நடக்கிறார்,
கம்பத்துக்குக் கம்பம் நின்று நின்று.
யாராவது கேட்டால் முழங்காலைச் சோதிக்கிறேன் என்பார்.

ஒரு மணி நேரம் கழித்துப் படியில் சத்தம்.
எலும்புக் கால் ஒன்று. இரும்புக் கால் ஒன்று.
நான் எழுந்து ஓடவில்லை.
பின்னிக்கொண்டிருந்த காலுறையில் கண்ணை வைத்தபடி
காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினேன்.

உள்ளே வந்து வாரை மாட்டினார்.
"சூப் ஆறிப்போச்சு" என்றேன்.
அப்புறம்,
"அந்தக் கறுப்பனுக்கு என்ன பெயர் சொன்னாள்?"